ஆளுக்கொரு கணக்குப் புத்தகம்

இந்த வாரம் பிளாக்செயினும் ஸ்மார்ட் சிட்டியும் மட்டும். எந்த கிரிப்டோ நாணயம் வாங்கலாம் என்று கேட்டிருந்தவர்கள் மன்னிக்க வேண்டும். அது தெரிந்திருந்தால் நான் ஏன் கேள்வி-பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்?

பிளாக்செயின் பற்றி எத்தனையோ கட்டுரை படித்துவிட்டேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. நீங்களாவது புரியும்படி சொல்வீர்களா?
— இல்லத்தரசி, கும்பகோணம்

நீங்கள் ஏலச்சீட்டு கட்டியிருப்பீர்கள். இருபது பேர் சேர்ந்த சீட்டில் நோட்டு ஒருவரிடம் மட்டும் இருந்தால், அவர் நல்லவராக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. இருபது பேரும் ஆளுக்கொரு நோட்டு வைத்து, ஒவ்வொரு ஏலம் முடிந்ததும் எல்லாரும் ஒரே வரியை எழுதிக்கொண்டால்? ஒருவர் வீட்டில் உட்கார்ந்து தன் நோட்டை மட்டும் திருத்திப் பயனில்லை. மற்ற பத்தொன்பதும் காட்டிக்கொடுத்துவிடும்.

இதோடு ஒரு கணக்கு வித்தையும் சேர்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் கணினி ஒரு கைரேகை எடுக்கிறது. எவ்வளவு பெரிய ஆவணமானாலும் 256 பிட் நீளத்தில் ஓர் எண்தான் வரும். ஆவணத்தில் ஒரு கமா மாறினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். ஒரு பக்கத்தின் கைரேகையை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதிவிடுவார்கள். ஆகவே மூன்றாம் பக்கத்தில் கைவைத்தவர் நான்காம் பக்கத்திலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் திருத்த வேண்டும், அதுவும் பெரும்பாலோர் நோட்டில். இவ்வளவுதான் அம்மா. மிச்சமெல்லாம் விற்பனைப் பேச்சு.

பிளாக்செயினைக் கண்டுபிடித்தவர் யார்? ஒரு மார்க் கேள்வி.
— கல்லூரி மாணவர், கோவை

ஒரு மார்க் போதுமென்றால் சதோஷி நகமோட்டோ, 2008. இரண்டு மார்க் வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் பின்னால் போங்கள். ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டார்னெட்டா என்ற இருவர் 1991லேயே ஆவணங்களின் கைரேகைகளைச் சங்கிலியாகக் கோத்து நேரமுத்திரை குத்தும் வழியை எழுதிவிட்டார்கள். நகமோட்டோவே தன் கட்டுரையில் அவர்களை மேற்கோள் காட்டியிருக்கிறார்.

சுவாரசியம் அதற்குப் பிறகு நடந்தது. இவர்கள் தொடங்கிய ஷூரட்டி நிறுவனம், 1995 முதல் வாரந்தோறும் சங்கிலியின் கைரேகையை நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வரி விளம்பரமாக வெளியிட்டது. அச்சடித்து, விற்று, வீடுவீடாகப் போய்ச் சேர்ந்துவிட்ட பேப்பரில் எந்த ஹேக்கர் போய்த் திருத்துவான்? பழைய பேப்பர்காரரைத்தான் பிடிக்க வேண்டும். இந்த விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், கீழே எஸ்டோனியா வரும்போது உதவும்.

எங்கள் ஊரில் ஆயிரக்கணக்கில் சென்சார், கேமரா, மீட்டர் எல்லாம் மாட்டிவிட்டார்கள். இப்போது ஒரு நிறுவனம் வந்து, "பிளாக்செயினும் போட்டால்தான் ஸ்மார்ட் சிட்டி முழுமையாகும்" என்கிறது. போடலாமா?
— வார்டு உறுப்பினர் (பெயரும் ஊரும் வேண்டாம் என்றிருக்கிறார்)

மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2015 ஜூனில் தொடங்கியது. நாடு முழுக்க 100 நகரங்கள், அவற்றில் 11 தமிழகத்தில். பெரும்பாலான இடங்களில் ஏற்பாடு ஒன்றுதான். தெருவில் கருவி, கருவியிலிருந்து ஒரு கட்டுப்பாட்டு மையம், மையத்தில் பெரிய திரை, திரைக்கு முன்னால் திறப்பு விழா. எழுதுவது மாநகராட்சி, சேமிப்பது மாநகராட்சி, படிப்பதும் மாநகராட்சி. இந்த ஏற்பாட்டுக்குள் பிளாக்செயினைக் கொண்டுவந்தால் மாநகராட்சி தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதிலிருந்து காப்பாற்றலாம். அதற்கு எத்தனை கோடி என்று கேட்டுச் சொல்லுங்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. ஒரே கணக்கில் ஒன்றுக்கு மேற்பட்டவர் எழுதுகிறார்களா? அவர்களுக்குள் நம்பிக்கைக் குறைவு உண்டா? நடுவில் ஒரு பொதுவான ஆளை வைத்து முடித்துக்கொள்ள முடியாத நிலையா? மூன்றுக்கும் ஆம் என்றால் மேலே பேசலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் சாதாரண டேட்டாபேஸ் போதும், வேகமாகவும் ஓடும். குப்பை அள்ளும் ஒப்பந்ததாரர், எடை போடும் நிலையம், பில் தரும் பொறியியல் பிரிவு, பணம் தரும் கணக்குப் பிரிவு, தணிக்கைக்காரர் என்று ஐந்து பேர் ஐந்து கணக்கு வைத்து ஐந்தும் ஒத்துப்போகாத இடம் உங்கள் ஊரில் உண்டா? (உண்டு.) அங்கே இதற்கு வேலை இருக்கிறது.

சரி, எல்லா மீட்டரையும் நேராக பிளாக்செயினில் இணைத்துவிட்டால்?
— அதே வார்டு உறுப்பினர், மறுநாள் அனுப்பியது

விடமாட்டீர்கள் போலிருக்கிறது. கணக்குப் போடுவோம். பத்து லட்சம் மின்மீட்டர், 15 நிமிடத்துக்கு ஒரு ரீடிங். வகுத்தால் விநாடிக்கு 1,100 பதிவுக்கு மேல் வரும். பிட்காயின் வலையமைப்பு விநாடிக்கு ஏழு பரிவர்த்தனைக்கே மூச்சு வாங்கும். தவிர, உங்கள் வீட்டு மின்பயன்பாட்டை ஊரறிய எழுதிவைத்தால், நீங்கள் எப்போது ஊரில் இல்லை என்பது திருடனுக்கும் தெரியும்.

இதற்கு ரால்ஃப் மெர்க்கல் 1979லேயே வழி சொல்லிவிட்டார். ரீடிங்குகளை மாநகராட்சியின் சொந்தக் கணினியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிரண்டு ரீடிங்கின் கைரேகைகளைச் சேர்த்து ஒரு கைரேகை, அவற்றில் இரண்டிரண்டைச் சேர்த்து இன்னொன்று என்று மேலே போனால், பத்து லட்சமும் இருபது படிகளில் ஒரே கைரேகையாகச் சுருங்கிவிடும். சங்கிலியில் அந்த ஒன்றை மட்டும் பதிந்தால் போதும். பிறகு ஒருநாள் ஒரு நுகர்வோர், "என் ரீடிங்கை மாற்றிவிட்டார்கள்" என்று வழக்குப் போட்டால், அவருடைய ரீடிங்கையும் கூடவே இருபது கைரேகைகளையும் காட்டி நிரூபித்துவிடலாம். இருபதும் சேர்ந்து 640 பைட். இந்தப் பத்திக்குப் பிடிக்கும் இடத்தைவிடக் குறைவு.

எங்கள் தெருவிளக்கு மூன்று வாரமாக எரியவில்லை. பிளாக்செயினால் எரியவைக்க முடியுமா?
— தூக்கம் கெட்டவர், குரோம்பேட்டை

முடியாது. ஆனால் நீங்கள் புகார் கொடுத்த நேரத்தைப் பிற்பாடு யாரும் மாற்றி எழுத முடியாமல் செய்யும். உத்தரப் பிரதேசத்தில் ஃபிரோசாபாத் காவல்துறை 2022ல் பாலிகான் என்ற பொது பிளாக்செயினில் புகார்களைப் பதியும் தளம் ஒன்றைத் தொடங்கியது. கொடுத்த புகார் காணாமல் போகக்கூடாது என்பதுதான் நோக்கம். புகார் அழியாது, சரி. "சரிசெய்யப்பட்டது" என்று ஒருவர் பொய் எழுதி மூடினால் அந்தப் பொய்யும் அழியாது. அதுவும் ஒருவகை வசதிதான்.

காற்றுத் தரம் அளக்கும் சென்சார்களை பிளாக்செயினில் இணைத்தால் அதிகாரிகள் தில்லுமுல்லு செய்யவே முடியாதல்லவா?
— சுற்றுச்சூழல் ஆர்வலர், எண்ணூர்

சீனாவின் ஷியான் நகரத்துக்கு ஒருநடை போய்வருவோம். 2016ல் அங்கே சில சுற்றுச்சூழல் அதிகாரிகள், அளவீட்டு நிலையத்தில் காற்றை உள்ளிழுக்கும் வாயில் பஞ்சு நூலைத் திணித்தார்கள். காற்று வடிகட்டி உள்ளே போனது, ஊர் சுத்தமாகிவிட்டது. கணினியில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. பிளாக்செயின் இருந்திருந்தால் அந்தப் பொய்யை அப்பழுக்கில்லாமல் பத்திரப்படுத்தியிருக்கும். அவர்களைப் பிடித்ததும், 2017ல் சிறைக்கு அனுப்பியதும் நேரில் போய்ச் சோதித்த மனிதர்களும் நீதிமன்றமும்.

எழுதியபிறகு மாற்றினால்தான் சங்கிலி கண்டுபிடிக்கும். எழுதும்போதே பொய் என்றால் அதற்குத் தெரியாது. ஒரே தெருவில் மாநகராட்சி சென்சார் ஒன்று, கல்லூரி சென்சார் ஒன்று, குடியிருப்போர் சங்கத்தின் சென்சார் ஒன்று என்று மூன்று வைத்து மூன்றையும் பொதுக் கணக்கில் எழுதச் சொல்லுங்கள். பஞ்சு வைத்த பெட்டி தனியாகத் தெரியும்.

எஸ்டோனியா நாடே பிளாக்செயினில் ஓடுகிறது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?
— ஓய்வுபெற்ற தாசில்தார், திருநெல்வேலி

வாட்ஸ்அப்பில் வந்தால் பாதி உண்மை என்பது நல்ல நாள் கணக்கு. இது அந்தப் பாதி.

எஸ்டோனியாவின் அரசுத் துறைகளை ஒன்றோடொன்று இணைப்பது எக்ஸ்-ரோடு என்ற ஏற்பாடு. 2001ல் வந்தது, பிட்காயின் பிறப்பதற்கு முன்பே. அதில் பிளாக்செயின் கிடையாது. அதை நிர்வகிக்கும் அமைப்பே, "ஐயா, எங்களிடம் பிளாக்செயின் இல்லை" என்று விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. அந்த அளவுக்கு உலகம் முழுக்க மேடை போட்டு இல்லாததை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மற்றப் பாதி நிஜம். 2007ல் அந்த நாட்டின் வங்கிகள், அமைச்சகங்கள், செய்தித் தளங்கள்மீது வாரக்கணக்கில் சைபர் தாக்குதல் நடந்தது. நாட்டையே கணினியில் ஏற்றியாகிவிட்டது, உள்ளே புகுந்தவன் பதிவுகளைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டுப் போனால் எப்படித் தெரியும் என்ற பயம் வந்தது. கார்டுடைம் என்ற அந்நாட்டு நிறுவனம் கே.எஸ்.ஐ. என்றொரு முறையைக் கொண்டுவந்தது. 2012 முதல் அரசுப் பதிவேடுகளில் பயன்படுகிறது, பிறகு மருத்துவப் பதிவுகளுக்கும் வந்தது. ஆவணம் அரசின் கணினியைவிட்டு வெளியே போகாது. கைரேகை மட்டும் போய் மற்றவற்றோடு கோக்கப்படும். கோத்த சங்கிலியின் கைரேகை எங்கே அச்சாகிறது என்று நினைக்கிறீர்கள்? ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழில். ஹேபரும் ஸ்டார்னெட்டாவும் சொன்ன அதே வழி!

இதில் எனக்குப் பிடித்தது, இந்த முறை ஆட்சியாளரையும் சேர்த்துக் கட்டிப்போடுகிறது என்பது. அமைச்சரே நினைத்தாலும் பழைய பதிவை யாருக்கும் தெரியாமல் திருத்த முடியாது. தாசில்தாராக இருந்த உங்களுக்கு இதன் அருமை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் 2017ல் அதே எஸ்டோனியாவில் என்ன நடந்தது தெரியுமா? அடையாள அட்டையின் சிப்பில் சாவி உருவாக்கும் முறையில் ஓட்டை இருப்பது தெரியவந்து, ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளின் சான்றிதழை நிறுத்திவைத்துப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. சங்கிலி நன்றாகத்தான் இருந்தது. மக்கள் சட்டைப்பையில் இருந்த பிளாஸ்டிக் அட்டையில்தான் கோளாறு.

துபாய் 2020க்குள் முழுக்க பிளாக்செயின் ஆகிவிடும் என்றார்களே, ஆனதா?
— அங்கே ஏழு வருஷம் வேலை பார்த்தவர், கீழக்கரை

2016ல் அறிவித்தார்கள். பொருத்தமான எல்லா அரசுப் பரிவர்த்தனைகளும் 2020க்குள் பிளாக்செயினில், ஆண்டுக்கு பத்துக் கோடி ஆவணங்கள், 550 கோடி திர்ஹாம் மிச்சம் என்றெல்லாம் எண்கள் வந்தன. நிலப்பதிவுத் துறை உள்பட சில இடங்களில் செய்தும் காட்டினார்கள். ஆனால் 2021 டிசம்பரில் அவர்கள் விழா எடுத்தது அரசு அலுவலகங்களில் காகிதம் ஒழிந்ததற்காக. காகிதத்தை ஒழிக்க பிளாக்செயின் தேவையில்லை, எல்லாத் துறையும் ஒரே உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தால் போதும். துபாயில் அதற்குப் பஞ்சமில்லை. ஒரே தலைமை எல்லாவற்றையும் ஆளும் ஊரில், ஒருவரை ஒருவர் நம்பாதவர்களுக்கான கருவிக்கு எவ்வளவு வேலை இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

என் மாடியில் சோலார் பேனல். உபரி மின்சாரத்தை எதிர்வீட்டுக்காரருக்கு நானே விற்க பிளாக்செயின் வழி செய்யுமாமே?
— ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர், சேலம்

செய்து பார்த்தார்கள். நியூயார்க்கில் புரூக்ளின் பகுதி, பிரெசிடென்ட் தெரு, 2016 ஏப்ரல். தெருவின் ஒருபக்கத்து சோலார் வீடுகள் எதிர்ப்பக்கத்து வீடுகளுக்கு விற்றன. எல்.ஓ.3 எனர்ஜி என்ற நிறுவனம் எத்தீரியம் பிளாக்செயினில் கணக்கு வைத்தது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின.

உங்களுக்குத் தெரியாததா? எதிர்வீட்டுக்கு என்று தனியாக எலெக்ட்ரான் எதுவும் தெருவைக் கடந்து போவதில்லை. மின்சாரம் வழக்கம்போல் கம்பிக்குள் கலந்துவிடும். கடந்து போனது கணக்கு மட்டும். அந்தக் கணக்குக்கும் நியூயார்க் சட்டம் குறுக்கே நின்றது. சில்லறையில் மின்சாரம் விற்க உரிமம் வேண்டும், வீட்டுக்காரருக்கு அது கிடையாது. கம்பிக்கும் கம்பத்துக்கும் சொந்தக்காரர் மின்நிறுவனம், அதற்கு வாடகை யார் தருவது? இந்த இரண்டுக்கும் மென்பொருளில் பதில் இல்லை, ஒழுங்குமுறை ஆணையத்தில்தான் இருக்கிறது. நம் நாட்டில் லக்னோவில் 2020ல் ஆஸ்திரேலியாவின் பவர் லெட்ஜர் நிறுவனமும் இந்தியா ஸ்மார்ட் கிரிட் ஃபோரமும் சேர்ந்து இதே சோதனையைச் செய்தபோது, மாநில ஆணையத்தின் அனுமதியோடுதான் தொடங்கினார்கள். அந்த வரிசை சரி.

இந்தப் பட்டியலில் எனக்கு உண்மையிலேயே நம்பிக்கை தரும் யோசனை இது. விற்பவர் வேறு, வாங்குபவர் வேறு, கம்பிக்காரர் வேறு, மூவருக்கும் லாபம் வேறு. ஆளுக்கொரு கணக்குப் புத்தகம் தேவைப்படுவது இங்கேதான். நீங்கள் இப்போதைக்கு எதிர்வீட்டுக்காரரோடு பேசிப் பழகி வையுங்கள்.

ஓட்டுப் போடுவதையும் பிளாக்செயினில் செய்துவிட்டால் கள்ள ஓட்டே இருக்காதே?
— முதல்முறை வாக்காளர், மதுரை

மாஸ்கோ நகரம் 2019ல் நகரசபைத் தேர்தலில் மூன்று தொகுதிகளுக்கு பிளாக்செயின் அடிப்படையில் ஆன்லைன் வாக்குப்பதிவு வைத்தது. தேர்தலுக்கு முந்தைய மாதம், உடைத்துக் காட்டுங்கள் பார்க்கலாம் என்று நிரலை வெளியிட்டார்கள். பியரிக் கோத்ரி என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் சாதாரணக் கணினியில், இலவச மென்பொருளை வைத்து, சுமார் இருபது நிமிடத்தில் உடைத்துவிட்டார். வாக்கை மறைக்கப் பயன்படுத்திய சாவியின் நீளம் 256 பிட்டுக்கும் குறைவு, அந்த வகை மறைகுறியீட்டுக்கு அது போதவே போதாது. அவசரமாக 1024 பிட்டுக்கு உயர்த்தினார்கள்.

உடைந்தது பிளாக்செயின் இல்லை என்று நிறுவனங்கள் சொல்லும், உண்மைதான். அதுவேதான் என் கவலையும். யார் போட்டது என்பது ரகசியமாக இருக்க வேண்டும், மிரட்டலுக்குப் பயந்து போடக்கூடாது, வாக்காளரின் செல்போனில் வைரஸ் இருக்கக்கூடாது. இந்த மூன்றில் ஒன்றைக்கூட சங்கிலி தீர்ப்பதில்லை. நீங்கள் வரிசையில் நின்று மை வைத்துக்கொள்ளுங்கள், செல்ஃபியும் கிடைக்கும்.

பிளாக்செயின் என்றாலே ஒரு நாட்டுக்கு ஆகிற மின்சாரம் செலவாகும் என்கிறார்களே?
— பசுமை மன்ற மாணவி, உதகை

பிட்காயினுக்கு ஆகும். காரணம், அது முன்பின் தெரியாதவர்களுக்குள் போட்டிக்கணக்கு வைத்து ஆள் தேர்ந்தெடுக்கிறது. எத்தீரியம் 2022 செப்டம்பர் 15 அன்று அந்த முறையையே கைவிட்டது, மின்செலவு 99 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நகராட்சிகள் கேட்கும் ரகத்தில் பெயர் தெரிந்த நாலைந்து பேர்தான் எழுதுவார்கள். சில சர்வர்கள் போதும். அவற்றைவிட அந்த அறையின் ஏசிக்கு அதிகம் ஆகலாம்.

நாலைந்து பேர் போதும் என்கிறீர்கள். அது பாதுகாப்பா?
— அதே மாணவி

சரியான இடத்தில் பிடித்தீர்கள். 2022 மார்ச்சில் ரோனின் என்ற பிளாக்செயின் கொள்ளை போனது. விளையாட்டு ஆப் ஒன்றுக்கான வலையமைப்பு அது. மொத்தம் ஒன்பது பேர் கையெழுத்திடும் உரிமை உள்ளவர்கள், ஐந்து கையெழுத்து இருந்தால் பணம் நகரும். கொள்ளையர்கள் ஐந்து சாவியைக் கைப்பற்றினார்கள். அவற்றில் நான்கு ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தவை! 60 கோடி டாலருக்கு மேல் போய்விட்டது. போனது தெரியவே ஆறு நாள் ஆனது, அதுவும் ஒரு வாடிக்கையாளர் பணம் எடுக்க முடியவில்லை என்று சொன்ன பிறகு.

எத்தனை நோடு (அதாவது, நோட்டு வைத்திருக்கும் கணினி) என்று கேட்பதில் அர்த்தம் குறைவு. எத்தனை முதலாளி என்று கேளுங்கள்.

தமிழ்நாட்டில் ஏதாவது நடக்கிறதா, அல்லது கருத்தரங்கு மட்டுமா?
— ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

நடக்கிறது. 2020ல் மாநிலத்துக்கென்று பிளாக்செயின் கொள்கை வெளியானது. தமிழ்நாடு மின்ஆளுமை முகமை 'நம்பிக்கை இணையம்' என்ற பெயரில் மாநிலத்துக்கான பிளாக்செயின் தளத்தைக் கட்டியது. அதன்மேல் ஓடும் 'இ-பெட்டகம்' செயலியில் உங்கள் சான்றிதழ்களைச் சேமித்து, கேட்பவருக்குக் காட்டலாம். மத்திய அரசும் 2024 செப்டம்பரில் 'விஸ்வஸ்யா' என்ற தளத்தைத் தொடங்கியது. புவனேஸ்வர், புனே, ஹைதராபாத் தரவு மையங்களில் அது பரவியிருக்கிறது. மூன்று ஊர், ஒரே உரிமையாளர்.

சான்றிதழ் விஷயம் பொருத்தமானது. கொடுப்பவர் ஒரு துறை, சரிபார்ப்பவர் வேறொரு மாநிலத்துக் கல்லூரியோ வெளிநாட்டுக் கம்பெனியோ. போலிச் சான்றிதழ் அடிக்கும் கூட்டத்துக்கு இது தலைவலி. எனக்கு ஒரு ஆசை: இந்தச் சங்கிலியின் ஒரு பிரதி அரசுக்கு வெளியே, ஒரு பல்கலைக்கழகத்திலோ உயர் நீதிமன்றத்திலோ இருக்க வேண்டும். அதற்கும் மனமில்லையென்றால் வாரம் ஒருமுறை கைரேகையை நாளிதழில் போடுங்கள். டெண்டர் விளம்பரத்துக்கு அடியில் இரண்டு வரி, எவ்வளவு ஆகிவிடும்?

டிராஃபிக் கேமராவில் பதிவாகும் வண்டி எண்ணை நேராக எழுதாமல் கைரேகையாக மாற்றி எழுதுவதால் அந்தரங்கம் காக்கப்படும் என்று எங்கள் நிறுவனம் சொல்கிறது. போதுமா?
— மென்பொருள் எழுதுபவர், பெங்களூரு

போதாது. நீங்களே கணக்குப் போடுங்கள். தமிழக வண்டி எண்ணில் ஆர்.டி.ஓ. எண் இரண்டு இலக்கம், ஆங்கில எழுத்து இரண்டு, கடைசியில் நான்கு இலக்கம். எல்லாச் சேர்க்கையும் சேர்த்து சுமார் 67 கோடி வரும். மனிதருக்குப் பெரிய எண். கணினி அத்தனைக்கும் கைரேகை எடுத்து அட்டவணை போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடும். அப்புறம் எந்தக் கைரேகை எந்த வண்டி என்று பார்த்துச் சொல்வது எட்டாம் வகுப்பு வேலை.

இது கற்பனைப் பயம் இல்லை. 2014ல் நியூயார்க் நகரம் 17 கோடிக்கும் மேற்பட்ட டாக்ஸி பயணங்களின் விவரத்தை, வண்டி எண்ணையும் ஓட்டுநர் உரிம எண்ணையும் இப்படிக் கைரேகையாக மாற்றிக் கொடுத்தது. ஒரு மென்பொருள் பொறியாளர் இரண்டு மணி நேரத்துக்குள் அத்தனையையும் பழைய எண்ணாக்கிக் காட்டிவிட்டார். நியூயார்க்காவது அந்தக் கோப்பை இழுத்துமூடலாம். அழிக்க முடியாத சங்கிலியில் எழுதிவிட்டு என்ன செய்வீர்கள்? நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் தரவை அழிக்கச் சொல்லும் உரிமையைக் குடிமகனுக்குத் தருகிறது. ஆகவே ஆள் அடையாளம் உள்ள எதுவும் சங்கிலிக்குள் போகக்கூடாது. வெளியே வையுங்கள். உள்ளே போகும் கைரேகையிலும் ஒரு ரகசிய எண்ணைக் கலந்து எடுங்கள். அழிக்கச் சொன்னால் தரவையும் ரகசிய எண்ணையும் அழித்துவிடலாம், மிஞ்சும் கைரேகையால் யாருக்கும் பயனில்லை.

பிளாக்செயின் இருந்தால் கேமராவை ஹேக் செய்ய முடியாதா?
— அபார்ட்மென்ட் செயலாளர், வேளச்சேரி

முடியும். 2016ல் மிராய் என்ற நச்சுநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்து, அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றைச் சில மணி நேரம் முடக்கியது. அதன் ஆயுதம், தொழிற்சாலையில் போட்ட பாஸ்வேர்டுகளின் சிறு பட்டியல். முதலில் உங்கள் கேமராவின் பாஸ்வேர்டு என்ன என்று பாருங்கள். 'அட்மின்' என்றிருந்தால் இந்தப் பத்தியை இங்கேயே நிறுத்திவிட்டு எழுந்து போங்கள்.

வேலை முடிந்ததும் பில் தொகை தானாகவே ஒப்பந்ததாரர் கணக்கில் விழும் 'ஸ்மார்ட் கான்ட்ராக்ட்' வந்தால் யாருக்கும் கமிஷன் தரவேண்டாமே?
— ஒப்பந்ததாரர், கரூர்

கேள்வியில் ஒரு பெருமூச்சு கேட்கிறது. சீனாவில் 2017ல் அறிவித்த ஷியோங்ஆன் புதுநகரில் கட்டுமானப் பணத்தை பிளாக்செயின் தளம் வழியாகக் கண்காணித்து, தொழிலாளிக்குக் கூலி நேராகப் போய்ச் சேரும்படி செய்தார்கள். மேஸ்திரிக்கு மேஸ்திரி, அவருக்கு மேல் சப்-கான்ட்ராக்டர் என்று கைமாறும் இடத்தில் கூலி கரைவதைத் தடுக்க நல்ல யோசனை. உங்களுக்கு நேராகப் பணம் வருவதைப் பற்றிக் கேட்டீர்கள். உங்களிடமிருந்து நேராகப் போவதற்கும் சம்மதமா?

சிக்கல், "வேலை முடிந்தது" என்று யார் சொல்வது என்பதில் இருக்கிறது. சாலையின் கனத்தை நிரலால் தோண்டிப் பார்க்க முடியாது. ஒரு பொறியாளர் வந்து அளந்து பொத்தானை அழுத்த வேண்டும். அவர் வந்துவிட்டார் என்றால் நீங்கள் தப்பிக்க நினைத்த எல்லாமும் கூடவே வந்துவிட்டது. நிரலில் பிழை இருந்தாலும் அது அப்படியே நிறைவேறும். 2016ல் 'தி டாவோ' என்ற பொது நிதியத்தின் நிரல் ஓட்டை வழியாக 36 லட்சம் ஈத்தர் (எத்தீரியத்தின் நாணயம்) வெளியேறியது. மாற்றவே முடியாத எத்தீரியம் சங்கிலியை அடுத்த மாதமே கூடிப்பேசி மாற்றினார்கள். ஒத்துக்கொள்ளாதவர்கள் பழைய சங்கிலியை 'எத்தீரியம் கிளாசிக்' என்று தனியாக வைத்துக்கொண்டார்கள். பங்காளிச் சண்டைக்குக் கணினி விதிவிலக்கில்லை.

பெரிய கம்பெனிகளே இதில் தோற்றிருக்கின்றனவா?
— பங்குதாரர் ஒருவர், தூத்துக்குடி

துறைமுக ஊர்க்காரர் கேட்கிறீர்கள், கப்பல் உதாரணமே தருகிறேன். ஐ.பி.எம்.மும் மெர்ஸ்க் கப்பல் நிறுவனமும் 2018ல் டிரேட்லென்ஸ் என்று சரக்குப் போக்குவரத்துக்கு ஒரு பிளாக்செயின் தளம் கொண்டுவந்தன. தொழில்நுட்பம் ஓடியது. ஆனால் போட்டியாளரான மெர்ஸ்க்குக்குச் சொந்தமான நோட்டில் நாம் ஏன் கணக்கு எழுத வேண்டும் என்று மற்றக் கப்பல் நிறுவனங்கள் தயங்கின. சிலர் பிறகு சேர்ந்தாலும் தொழில் முழுவதும் சேரவில்லை. 2022 நவம்பரில் மூடுவதாக அறிவித்தார்கள். அதே மாதம் ஆஸ்திரேலியப் பங்குச்சந்தையும் ஆண்டுக்கணக்கில் இழுத்த தன் பிளாக்செயின் வகைத் திட்டத்தை நிறுத்தி, சுமார் 25 கோடி ஆஸ்திரேலிய டாலரைக் கணக்கில் எழுதித் தள்ளியது. அந்த எழுத்தும் அழியாது.

எங்கள் நகராட்சிக்கு என்று ஒரு நாணயம் வெளியிட்டு வருமானம் பார்க்கலாமா?
— தொழில்முனைவோர், ஓசூர்

அமெரிக்காவில் 2021ல் 'மயாமி காயின்' வந்தது. வெளியிட்டது தனியார் திட்டம், மேளம் அடித்தவர் மேயர். நகரத்துக்கு 50 லட்சம் டாலருக்கு மேல் நன்கொடையும் வந்தது. நாணயத்தின் மதிப்பு பிறகு 95 சதவீதத்துக்கு மேல் சரிந்து, வாங்க ஆளில்லாமல் சந்தை அதன் வியாபாரத்தையே நிறுத்திவிட்டது. ஆக, நகராட்சிக்கு லாபம், நகரவாசிக்கு நஷ்டம். அதற்குத்தான் ஏற்கெனவே சொத்துவரி இருக்கிறதே ஐயா.